செவ்வாய்க்கிழமை படலை திறக்கப்போகிற தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

சின்னப் பிள்ளைகளோடு இருக்கிற தாய்மாருக்குத் துணையாக வீட்டுக்குப் போகிற வேலைக்கு எங்களோடு சேர்ந்திருக்கிறீர்கள். பயிற்சி நாட்களில் கொப்பி நிறைய எழுதினீர்கள். வருகிற செவ்வாய் பின்னேரம் மூன்று மணிக்கு அந்த வீட்டுப் படலையில் கை வைக்கும்போது அதில் பாதி ஞாபகம் வராது. அதனால் அவசியமானதை மட்டும் இந்தக் கடிதத்தில் எழுதுகிறோம். போன் திரையில் வைத்து வாசித்துவிட்டுப் போங்கள்.

முதலில் நாளும் நேரமும். கிழமைக்கு ஒரு நாள், இரண்டு மணித்தியாலம், ஒவ்வொரு கிழமையும் அதே நாள், அதே நேரம். நாங்கள் செய்கிற வேலை முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. கைக்குழந்தையும் இரண்டு வயதுப் பிள்ளையுமாய் இருக்கிற ஒரு தாய், தலை முழுகுவதையும் கடைக்குப் போவதையும் உங்களுடைய செவ்வாயைப் பார்த்துத்தான் தள்ளி வைத்திருப்பா. நீங்கள் சொல்லாமல் நின்றுவிட்டால் அந்தக் கிழமையே அவவுக்குக் குலைந்துபோகும். வர முடியாவிட்டால் காலையிலேயே கோல் எடுத்துச் சொல்லுங்கள், குறுஞ்செய்தி போதாது. முதல் இரண்டு கிழமையும் தேத்தண்ணீரும் 'ஓம் தங்கச்சி, பரவாயில்லை' என்ற பதிலும்தான் கிடைக்கும். மூன்றாவது, நாலாவது கிழமையில்தான் அவ கதைக்கத் தொடங்குவா. அதற்கு முன் கேள்விகளால் அவவைத் தோண்டாதீர்கள்.

நேரத்தை நாங்கள் ஏன் அவரவர் வீட்டைப் பார்த்துக் குறிக்கிறோம் என்று கேட்டீர்கள். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் இரவில் கடலுக்குப் போய் வந்த ஆண்கள் காலையில் நித்திரை கொள்வார்கள். அந்த நேரம் சின்ன வீட்டுக்குள் நீங்கள் போய் நின்றால் தாய்க்குத்தான் சங்கடம். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் வெங்காயம் நடுகிற, கிண்டி எடுக்கிற காலத்தில் பெண்கள் காலையில் கூலிக்குப் போய்விடுவார்கள். இன்னொன்றும் கேட்டு வையுங்கள்: நுண்கடன்காரர் எந்த நாள் வருவார் என்று. அந்த நாளில் தாய் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பா, நீங்கள் தட்டினாலும் திறக்கமாட்டா. கடனுக்கு நீங்கள் பிணை நிற்கவும் கூடாது, கைக்காசு கொடுக்கவும் கூடாது. கொடுத்த நாளிலிருந்து நீங்களும் அந்த வீட்டுக்குக் கடன்காரரில் ஒருவர் ஆகிவிடுவீர்கள். ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள், பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் எழுதுகிற வேலையை நாங்கள் பார்க்கிறோம்.

உள்ளே போனதும் வேலையில் இறங்காதீர்கள். பத்து நிமிடம் இருங்கள். பிறகு, 'இண்டைக்கு நான் என்ன செய்தால் உங்களுக்குக் கொஞ்சம் லேசாயிருக்கும்?' என்று கேளுங்கள். அவ சொல்கிறதைச் செய்யுங்கள். உடுப்புத் தோய்ப்பது, பிள்ளையை வைத்திருப்பது, கிளினிக்குக்குக் கூடப் போவது, எதுவும் சரி. புதியவர்கள் விடுகிற பிழை, கேட்காமல் குசினியைக் கழுவித் துடைத்து வைப்பது. அடுத்த நாள் மாமியார் வந்து பார்த்து, 'வெளியாள் வந்து கழுவுகிற அளவுக்கு வீடு கிடந்ததோ' என்பா. உதவி செய்யப்போய் தாய்க்குப் பேச்சு வாங்கிக் கொடுத்ததாகிவிடும்.

கைக்குழந்தையைத் தூக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. ஆனால் அந்த வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்பது பெரும்பாலும் மூத்த பிள்ளை. தம்பி பிறந்ததிலிருந்து மடி போன பிள்ளை அது. முதல் அரை மணித்தியாலம் நிலத்தில் பாய் போட்டு அந்தப் பிள்ளையோடு இருங்கள். விளையாட்டுச் சாமான் வாங்கிக்கொண்டு போகவேண்டாம். மூன்று சிரட்டை, ஒரு சட்டி மூடி, ஒரு பழைய சால்வை போதும். ஒளித்துப் பிடிப்பது, ஊற்றி நிரப்புவது, தட்டுவது. நீங்கள் போனபிறகும் அந்தச் சாமான் வீட்டில் இருக்கும், தாயும் அதே விளையாட்டை விளையாடுவா. பிள்ளையின் வாய்க்குள் அடங்குகிற எதையும், போத்தல் மூடி, புளியங்கொட்டை, மணி, பொத்தான் பற்றரி, கைக்கெட்டாமல் எடுத்து வையுங்கள். முதற்பல் வந்த பிள்ளையின் தலையில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுகிற நாளில் நீங்கள் அங்கே நின்றால், தேங்காய்ச் சொட்டைப் பிள்ளை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை அழுதால் தாயிடம் கொடுங்கள். உங்கள் கையில் அழுகை நின்றுவிட்டது என்பது அவவுக்குச் சந்தோசமாயிராது.

இனிச் சாப்பாடு. எங்களிடம் கேட்கப்படுகிற கேள்விகளில் அரைவாசி இதைப் பற்றித்தான்.

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும். 'பால் காணாது' என்று தாய் சொன்னால் உடனே பால்மாவுக்குப் போகவேண்டாம், இரண்டு விசயம் பாருங்கள். முதல் கிழமை கழிந்த பிள்ளை ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் சலம் விடுகிறதா? கிளினிக்கில் பிள்ளையின் நிறையைக் குறிக்கிற பதிவேட்டில் நிறைக்கோடு ஏறுகிறதா? இரண்டும் சரியென்றால் பால் காணும். பிள்ளை அடிக்கடி குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். போத்தல் கொடுக்கத் தொடங்கினால் பிள்ளை மார்பில் குடிப்பது குறையும், பாலும் குறையும், பிறகு தாய் சொன்னது உண்மையாகிவிடும். கோரோசனை, வசம்பு, சீனித் தண்ணீர், தேன் எல்லாம் அம்மம்மாவின் பெட்டியிலிருந்து வரும். அவவோடு வாதாடி வெல்ல முடியாது, வென்றால் அந்த வீட்டுக் கதவு உங்களுக்குச் சாத்தப்படும். தேன் மட்டும் ஒரு வயதுக்கு முன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் கைக்குழந்தையின் குடலில் பெருகி, தசைகளைச் சோரவைக்கிற நஞ்சைச் சுரக்கும். மற்றதை, வீடு வீடாக வருகிற அரச மருத்துவமாதான குடும்பநல உத்தியோகத்தரிடம் விடுங்கள். 'மிஸ்' சொன்னால் அம்மம்மா கேட்பா.

ஆறு மாதம் முடிந்ததும் முதல் சாப்பாடு இரண்டு, மூன்று மேசைக்கரண்டி, நாளுக்கு இரண்டு தடவை. எட்டு மாதமாகும்போது ஒரு தடவைக்கு அரைக் கோப்பை, அதாவது 125 மில்லிலீற்றர் அளவு. ஒன்பது மாதத்திலிருந்து நாளுக்கு மூன்று, நாலு தடவை. ஒரு வயதுக்குப் பிறகு முக்கால் கோப்பையிலிருந்து ஒரு கோப்பை. நாங்கள் அதிகம் காண்கிற பிழை, கஞ்சித் தண்ணீரும் பருப்புத் தண்ணீரும் மட்டும் கொடுப்பது. வயிறு நிறையும், பிள்ளை வளராது. பார்ப்பதற்கு ஒரு வழி: கரண்டியைச் சரித்துப் பிடியுங்கள், சாப்பாடு வழிந்து ஓடினால் அது தண்ணீர்தான். குழைய வேகவைத்த சோறு, பருப்பு, அரைத்து விட்ட முருங்கையிலை, முள் எடுத்து மசித்த மீன், மேலே ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது தேங்காய் முதற்பால். மீன் வாங்க ஏலாத நாளில் நன்றாகக் கழுவி வறுத்து இடித்த நெத்தலி மா ஒரு சிட்டிகை போதும். ஆனால் அது உப்பு, அளவு கூடக்கூடாது. எல்லாவற்றையும் மிக்சியில் அடித்துக் கூழாக்கவேண்டாம். எட்டு மாதப் பிள்ளைக்கு நாக்கால் நசுக்கிப் பழக ஏதாவது வேண்டும்.

அரசு இலவசமாகக் கொடுக்கிற சத்துமாவான திரிபோஷா கிடைக்கிற மாதத்தில் ஒரு பிள்ளைக்கு 750 கிராம் பை இரண்டு கொடுப்பார்கள். நாளுக்கு ஏறத்தாழ 50 கிராம். நிறை குறைந்த ஒரு பிள்ளைக்குக் கொடுத்தது மூன்று பிள்ளைக்குப் பங்காகிவிடுவது வழமை, பத்து நாளில் பை முடிந்துவிடும். அதற்காகத் தாயைக் குறை சொல்லாதீர்கள். ஒரு பிள்ளை சாப்பிட மற்றப் பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பதை எந்தத் தாயால் தாங்க முடியும்? பங்கு போகிறது என்பதைக் குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், திரிபோஷா கொடுத்தும் நிறை ஏறவில்லை என்று வேறு காரணம் தேடுவார்கள்.

பதிவேட்டை மாதத்துக்கு ஒரு தடவை தாயோடு சேர்ந்து பாருங்கள். நிறைக்கோடு எந்த நிறத்தில் நிற்கிறது என்பதைவிட எந்தப் பக்கம் போகிறது என்பது முக்கியம். கோடு இரண்டு மாதம் ஏறாமல் படுத்துக் கிடந்தால் அடுத்த கிளினிக்வரை காத்திருக்க வேண்டாம். தடுப்பூசியில் 2, 4, 6, 9, 12 மாதத்து ஊசிகளை எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். பிள்ளை ஓடித் திரிகிற வயதில் வருகிற 18 மாதத்து ஊசியும் மூன்று வயது ஊசியும்தான் மறந்துபோகும்.

தண்ணீரைப் பற்றி யாழ்ப்பாணத்தில் தனியாகச் சொல்லவேண்டும். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். தோட்டத்துக்குப் போடுகிற உரமும் மலசலகூடக் குழியின் ஊறலும் இலகுவாகக் கிணற்றுக்கு இறங்கும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூட. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு மேற்பட்ட தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக ஏலாமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். 'நாங்கள் கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறம்' என்பார்கள். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது செறியும். பிள்ளை பால்மா குடிக்கிற வீடாக இருந்தால், வேறு நல்ல தண்ணீர் எங்கே எடுக்கலாம் என்று பி.எச்.ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டுக் கொடுங்கள். பால்மாவையும் பாருங்கள்: கைக்குழந்தைக்குரிய மாவா, வீட்டார் தேத்தண்ணீருக்குப் போடுகிற மாவா? இரண்டாவது ஒரு வயதுக்கு முன் கூடாது. மா விலையென்று ஒரு கரண்டியைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டிக் கரைக்கிறார்களா என்பதையும் மெதுவாகக் கேளுங்கள்.

கிணற்றுக் கட்டு பிள்ளையின் நெஞ்சுக்குக் கீழே இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். தண்ணீர் நிறைந்த வாளியும் அதே அளவு ஆபத்து, தவழ்கிற பிள்ளை மூழ்குவதற்கு ஒரு சாண் தண்ணீர்கூடத் தேவையில்லை. மண்ணெண்ணெயோ தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தோ சோடாப் போத்தலில் இருந்தால் அன்றே உயரத்தில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, மண்ணெண்ணெய் திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போகும். போத்தலையும் கொண்டு ஆஸ்பத்திரிக்கு. 1990 அம்புலன்ஸ் இலவசம்.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி, அதாவது தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற உப்புச் சீனி மா. பையில் எழுதியிருக்கிற அளவு தண்ணீரில் முழுப் பையையும் ஒரேயடியாகக் கரைக்கவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கோப்பையில் தூவிக் கரைப்பதுதான் வீடுகளில் நடக்கிற பிழை. உப்புக் கூடினாலும் கெடுதி, குறைந்தாலும் பயனில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை போனபிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர், கரண்டியால். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக. 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். கண் குழிந்தால், சலம் போகாவிட்டால், பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தால், இரத்தம் கண்டால் வீட்டில் வைத்திருக்கக்கூடாது. மாரி தொடங்கித் தைவரை காய்ச்சலென்றால் டெங்கு நினைவில் நிற்கட்டும். காய்ச்சல் விட்டதும் பிள்ளை சுகமாகிவிட்டது என்று நினைப்பார்கள். டெங்குவில் ஆபத்து அப்போதுதான் வரும். மருந்தின் அளவைச் சொல்வது எங்கள் வேலையல்ல, எந்த நாளும் சொல்லாதீர்கள்.

தாயின் மனம். பிள்ளை பிறந்து சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, இரண்டு கிழமைக்குள் அடங்கிவிடும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த பிறகும் அவ சாப்பிடாமல், பிள்ளை தூங்கினாலும் தான் தூங்காமல், பிள்ளையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது வருத்தம், மருந்தும் ஆறுதலும் வேண்டியது. 'எல்லாருக்கும் வாறதுதான்' என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வசனத்தோடு அவ வாயை மூடிவிடுவா. 'சாகவேணும் எண்ட எண்ணம் வருதா அக்கா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக வராது. ஓம் என்றால் தனியே விடாமல், அங்கிருந்தபடியே எங்களுக்குக் கோல் எடுங்கள். 1926 மனநல இலக்கம், எந்த நேரமும். வீட்டில் அடி, உதை என்றால் பெண்களுக்கு 1938, பிள்ளைக்கு 1929. கணவரிடம் நீங்கள் நியாயம் கேட்கப் போகாதீர்கள், அதன் விலையை இரவில் அவதான் கொடுப்பா. 'ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்' என்ற வாக்கையும் கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு ஆபத்தென்றால் சொல்லத்தான் வேண்டும் என்பதை முதல் கிழமையிலேயே அவவுக்குத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

மற்றபடி அந்த வீட்டுக் கதை அந்த வீட்டோடு. ஒழுங்கையில் எல்லாரும் பார்ப்பார்கள், 'ஏன் அங்க போறீங்கள்?' என்பார்கள். 'பிள்ளையைப் பார்க்க' என்றால் போதும். படம் எடுக்கவே கூடாது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உதவி அனுப்புகிறவர்கள் நல்ல மனதோடுதான் படம் கேட்கிறார்கள். ஆனால் மெலிந்த பிள்ளையோடு நிற்கிற ஒரு தாயின் படம் முகநூலில் ஏறினால், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதிலும் அது அங்கேயே கிடக்கும். படமில்லாமல் காசு வராதென்றால் அந்தக் காசு வேண்டாம் என்பது எங்கள் எல்லாருடைய முடிவு.

ஒரு வீட்டுக்கு ஆறு மாதம், கூடினால் ஒரு வருடம். முடிகிற நாளை ஆறு கிழமைக்கு முன்பே சொல்லி, கலண்டரில் தாயைக் கொண்டே குறிக்கச் செய்யுங்கள். அந்த ஆறு கிழமையில் முன்பள்ளி ஆசிரியை, தாய்மார் குழு, அயலில் நம்பக்கூடிய ஒரு அக்கா, இவர்களில் ஒருவரையாவது அவ தானாகத் தேடிப் போகிற அளவுக்குக் கூடப் போய் வாருங்கள்.

செவ்வாய்க்கு அடையாள அட்டையும் குடையும் போதும், சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் கொண்டுபோகவேண்டாம். படலையடியில் நாய் நிற்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவ வரும்வரை வெளியே நில்லுங்கள். ஐந்து மணிக்கு வெளிக்கிட்டதும் சந்திக்கு வந்து எங்களுக்கு ஒரு கோல் எடுங்கள். ஏழு மணிவரை போனுக்குப் பக்கத்தில் இருப்போம்.

அன்புடன்,
உங்களோடு கூட வருகிற அக்காமார்
யாழ்ப்பாணம்