சொம்பும் கையும்

ஆசிரியருக்கு,

தாராவியில் எங்கள் சந்தில் குழாய்த் தண்ணீர் காலையில் சில மணி நேரம்தான். பிடித்து டிரம்மில் நிரப்புகிறோம். குழாயில் நல்லதாக வந்த தண்ணீரும், கழுவாத கையால் சொம்பை விட்டு மொள்ளும்போதே கெட்டுவிடுகிறது. நீளக் கைப்பிடி அகப்பை ஒன்று போதுமே!

பொதுக் கழிப்பறையில் காசு தவறாமல் வாங்குகிறார்கள், சோப்புதான் இருப்பதில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவினால் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய 30 சதவீதம் குறையும் என்கின்றன ஆய்வுகள். உலகில் 5 வயதுக்குட்பட்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆண்டுதோறும் கொல்லும் நோய் இது.

பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். கரைசலும், அதோடு கொடுக்கும் துத்தநாக மாத்திரையும் விலை மலிவானவை. ஆனாலும், "பேதியாகிற பிள்ளைக்குத் தண்ணீர் காட்டாதே" என்னும் பாட்டிகள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். என் மாமியாரும் அவர்களில் ஒருவர்.

— ஒரு வாசகி, தாராவி, மும்பை