பதினான்கு ஆண்டுக் கணக்கு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தியின் திருமணம் நல்லபடியாக நடந்தேறியதில் மிக்க மகிழ்ச்சி. நான் வர முடியாமற்போனதற்கு இந்த மூட்டுவலியைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

பாளையங்கோட்டைச் சிறையில் 14 ஆண்டுகளை முடித்துவிட்ட தம் கணவரை இன்னும் ஏன் விடவில்லை என்று உங்கள் தெருப் பெண்மணி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டுதான் என்று ஊரெல்லாம் நம்புகிறது. ஆனால், அது ஆயுள் முழுமைக்குமான சிறை என்று காந்தி கொலையில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சேயின் வழக்கில் 1961இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்காக ஆயுள் பெற்றவரை, 14 ஆண்டுகள் உள்ளே கழிப்பதற்கு முன் அரசு விடுவிக்கக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1978இல் சேர்க்கப்பட்ட 433அ பிரிவு தடுத்தது. இப்போதைய புதிய சட்டத்தில் அது 475ஆம் பிரிவு. வேலைக்கும் நன்னடத்தைக்கும் தண்டனையில் கழித்துத் தரப்படும் நாட்களை இந்த 14 ஆண்டுகளில் சேர்க்க முடியாது. அதை முடித்தவருக்குக் கிடைப்பது, தம்மை விடுவிப்பது பற்றிப் பரிசீலிக்கக் கோரும் உரிமை மட்டுமே.

ஆளுநர் தண்டனையைக் குறைக்க வழிசெய்யும் அரசியல் சாசனத்தின் 161ஆவது பிரிவுக்கு இந்த வரம்பு கிடையாது. அதைக் கொண்டுதான் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2018இல், 10 ஆண்டுகள் முடித்தவர்களை விடுவிக்க நம் மாநிலம் அரசாணை பிறப்பித்தது. பலர் வீடு திரும்பினார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. இருந்தாலும், தலைவர் பிறந்தநாளுக்கு விடுதலை என்பது எனக்கு உடன்பாடில்லை; சட்டப்படி ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியதை விழாக்காலப் பரிசாக்கிவிடுகிறது. 2002 குஜராத் கலவரத்தில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமை, கொலை தொடர்பான பில்கிஸ் பானு வழக்கில், ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரை 2022 சுதந்திர தினத்தன்று குஜராத் அரசு விடுவித்ததையும், வெளியே வந்தவர்களுக்கு மாலை விழுந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். விசாரணை மும்பையில் நடந்ததால் அந்த அதிகாரம் மகாராஷ்டிர அரசுக்கே உரியது என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து, அவர்களைத் திரும்பச் சரணடையச் சொன்னது.

நடைமுறையில் விடுதலைக் கோப்பு தேங்குவது வேறிடத்தில். நன்னடத்தை அலுவலர் கைதியின் ஊருக்குப் போய், வெளியே வந்தால் வைத்துக்கொள்ள வீட்டார் தயாரா, பாதிக்கப்பட்ட குடும்பம் என்ன சொல்கிறது என்றெல்லாம் விசாரித்துப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார். காவல் நிலையத்திலிருந்து ‘சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும்’ என்று காரணமில்லாத ஒற்றை வரி வந்து சேரும். அத்தனையும் அதோடு நின்றுவிடும். எத்தனையோ கோப்புகளில் அந்த ஒரே வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாளிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். தகுதி வந்துவிட்டால், கைதி மனுப் போடாவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும் என்றும், மறுத்தால் காரணத்தைச் சுருக்கமாகவேனும் எழுதி அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இரண்டாவது, தண்டனை விதிக்கப்பட்ட நாளில் இருந்த அரசின் விடுதலைக் கொள்கைப்படியே பரிசீலிக்க வேண்டும். பின்னர் வந்தது தாராளமாக இருந்தால் அதன் பலனும் அவருக்கு உண்டு. ஆகவே தீர்ப்பு நகலையும், மறுப்பாணை வந்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகட்டும். அங்கே வழக்கறிஞருக்குக் கட்டணம் இல்லை. நகல்களை எனக்கும் அனுப்பிவையுங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்