பெங்குவின்ஸுக்காக ஒரு பதில்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்தது பெரிய நிம்மதி, வாழ்த்துச் சொல்லு. எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாளைக்குப் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பொழுதுக்கும் பாட்டுதான்.

அந்தக் காலத்து அமெரிக்கப் பாட்டுக் குழுக்களில் பிளாட்டர்ஸை மிஞ்ச ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அதை அப்படியே விட முடியாது. பெங்குவின்ஸ் குழுவின் ‘எர்த் ஏஞ்சல்’ பாட்டைக் கேட்டுவிட்டுப் பேசு. 1954-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வீட்டு கராஜில் பதிந்தது. டிரம்ஸ் சத்தம் குரலை அமுக்கிவிடக் கூடாதென்று தலையணை வைத்து அடக்கினார்களாம், பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் போய் அதை அடக்கிவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து பாட வேண்டுமாம். மற்ற வாத்தியங்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் டூட்டோன் இசைத்தட்டுக் கம்பெனி முதலாளி டூட்ஸி வில்லியம்ஸ் நினைத்திருந்தார். அதற்குள் உள்ளூர் ரேடியோவில் ஒலித்து, ஆட்கள் கேட்டுக் கேட்டு, அப்படியே வெளியிட வேண்டியதாகிவிட்டது. நல்லவேளை! முன்னால் நின்று பாடிய கிளீவ்லாண்ட் டங்கனின் குரல் அதிகம் துணையில்லாமல் அப்படித் தனியாக நிற்பதுதான் எனக்கு அந்தப் பாட்டே.

அப்போது என்ன வரவேற்பு என்று கேட்பாய். பத்தி பத்தியாக விமர்சனம் எழுத யார் இருந்தார்கள், வியாபாரப் பத்திரிகைகளில் இரண்டு வரியும் ஒரு மார்க்கும் போடுவார்கள், அவ்வளவுதான். தீர்ப்புச் சொன்னவர்கள் ரேடியோக்காரர்கள். இசைத்தட்டின் முன்பக்கமாகக் கம்பெனி நினைத்தது ‘ஹே சென்யோரிட்டா’ என்ற துள்ளல் பாட்டை, ரேடியோக்காரர்களோ தட்டைத் திருப்பி, பின்பக்கத்து ‘எர்த் ஏஞ்சலை’ப் போட்டார்கள். லேபிள் காகிதம் தீர்ந்துபோய், கையில் கிடைத்த கலரில் எல்லாம் அச்சடிக்கும் அளவுக்கு விற்றது. 1955 தொடக்கத்தில் பில்போர்டு பத்திரிகையின் ரிதம் அண்ட் ப்ளூஸ், அதாவது கறுப்பர் இசைப் பட்டியலில் முதலிடம். பொதுப் பட்டியலில் 8-ஆம் இடம்தான், அதே பாட்டை உடனே பாடிவைத்த க்ரூ கட்ஸ் என்ற கனடாவின் வெள்ளைக்காரப் பையன்களுக்கோ 3-ஆம் இடம். கறுப்பர் பாட்டைப் போடத் தயங்கிய நிலையங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஒரு சுருக்கம் இருக்காது அதில், எனக்கு இன்னொரு முறை கேட்கத் தோன்றியதில்லை.

உன் பிளாட்டர்ஸ் இதில் எங்கே வருகிறார்கள் என்றால், இரண்டு குழுவுக்கும் மேனேஜர் ஒருவர்தான், பக் ராம். பெங்குவின்ஸ் வேண்டுமென்று மெர்குரி இசைத்தட்டுக் கம்பெனி வந்தபோது, பிளாட்டர்ஸையும் சேர்த்து எடுத்தால்தான் ஆச்சு என்றுவிட்டார். அப்படி ஒட்டிக்கொண்டு உள்ளே போனவர்கள் அதே 1955-இல் ‘ஒன்லி யூ’ பாடி எங்கேயோ போய்விட்டார்கள். பெங்குவின்ஸுக்கு அப்புறம் அந்த அளவுக்கு ஒரு பாட்டுகூட அமையவில்லை.

கேட்டுவிட்டு எழுது, திட்டுவதானாலும் சரி. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு