86400000-ஆல் வகுக்கச் சொல்லித்தர வேண்டாம்

தமிழில் செயலி எழுதக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கும் காணொளி நண்பர்களுக்கும்,

வணக்கம். இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை நாள் என்று கணக்கிடும் பாடத்தில் பலரும் சொல்லித்தரும் ஒரு வழியைக் கைவிடும்படி கேட்டு இதை எழுதுகிறேன். இரு தேதிகளையும் மில்லிசெகண்டாக மாற்று, ஒன்றிலிருந்து மற்றதைக் கழி, 24 மணி நேரத்தில் இருக்கும் மில்லிசெகண்டுகளான 86400000-ஆல் வகு என்பதே அது.

நம் ஊரில் அது சரியான விடையைத்தான் தருகிறது. இந்தியாவில் கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று கடிகாரத்தை மாற்றிவைப்பதில்லை. சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து எவ்வளவு சோதித்தாலும் பிழை கண்ணில் படாது. ஆனால் தமிழில் வரும் செயலியை லண்டனிலும் டொரண்டோவிலும் சிட்னியிலும் இருக்கிற நம் மக்களும்தான் இறக்கிக்கொள்கிறார்கள். அங்கே கடிகாரத்தை மாற்றிவைப்பதால் ஆண்டில் ஒரு நாளுக்கு 23 மணி நேரம், இன்னொரு நாளுக்கு 25.

2024 மார்ச் 31 அன்று லண்டனில் அதிகாலை 1 மணி ஆனதும் கடிகாரம் 2-க்குத் தாவியது. மார்ச் 30 நள்ளிரவிலிருந்து ஏப்ரல் 1 நள்ளிரவு வரை 47 மணி நேரமே. வகுத்து முழு எண்ணை மட்டும் எடுத்தால் 1 வரும். காலண்டரில் 2 நாள். செயலி எழுத உதவும் ஃப்ளட்டர் என்ற கருவியில், இரு தேதிகளின் வித்தியாசத்தைத் தரும் டிஃபரன்ஸ் எடுத்து, அதை நாட்களாகச் சொல்லும் இன்டேஸ் கேட்டாலும் இதே விடைதான், ஏனென்றால் இன்டேஸ் தேதிகளை எண்ணுவதில்லை, 24 மணி நேரங்களை எண்ணுகிறது.

ஒரு நாளோடு போய்விடும் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். லண்டனில் ஒரு பெண் கர்ப்பகாலச் செயலியில் கடைசி மாதவிடாய்த் தேதியாக 2024 பிப்ரவரி 10-ஐப் பதிகிறார் என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவிலிருந்து நள்ளிரவுக்குக் கணக்கிட்டால் ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 27 வரை அந்தச் செயலி தினமும் ஒரு நாள் குறைத்தே காட்டும். மருத்துவர் 28 வாரம் என்பார். செயலி 27 வாரம் 6 நாள் என்னும். கடிகாரத்தைத் திரும்பப் பின்னுக்கு வைத்ததும் தானாகச் சரியாகிவிடும். இப்படித் தானே வந்து தானே மறையும் பிழையை ஊரில் இருந்துகொண்டு யார் கண்டுபிடிப்பது?

இலங்கையின் கதை வேறு. அங்கே 1996-இல் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்கு வைத்து, அதே ஆண்டில் அரை மணி நேரம் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழையபடி கிரீன்விச்சிலிருந்து ஐந்தரை மணி நேரத்துக்கு வந்தது. 1998-இல் கொழும்பில் பிறந்த ஒருவரின் பிறந்த தேதியை அன்றைய உள்ளூர் நள்ளிரவாக மில்லிசெகண்டில் சேமித்துவிட்டு, வேறொரு இடத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் படித்தால் முந்தின நாள் இரவு 11:30 என்று வரும். பிறந்த தேதியே மாறிப்போகும்.

பிறந்த தேதி என்பது ஒரு கணம் அல்ல, காலண்டரில் ஒரு கட்டம். பாடத்தின் முதல் வரி இதுவாக இருக்க வேண்டும். ஜாவா, கோட்லின் ஆகிய நிரல் மொழிகளில் அதற்கென்றே, நேரம் இல்லாமல் தேதியை மட்டும் வைத்திருக்கும் லோக்கல்டேட் இருக்கிறது. அதோடு வரும் க்ரோனோயூனிட் டேஸ் பிட்வீன் என்ற கட்டளையில் கேட்டால் நேரத்தைத் தொடாமல் நாட்களை எண்ணித் தரும். ஆண்ட்ராய்டு 8 முதல் இது கைபேசியிலேயே இருக்கிறது; பழைய கைபேசிகளிலும் இது வேலை செய்யும்படி செயலியை உருவாக்கும்போதே மாற்றித்தரும் டீஷுகரிங் என்ற வசதி 2020 முதல் இருக்கிறது. ஐபோன் செயலிகளுக்கான ஸ்விஃப்ட் மொழியில், அதிலேயே இருக்கும் காலண்டர் என்ற வகையிடம் கேளுங்கள். ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டில் இரு தேதிகளையும், கடிகார மாற்றம் இல்லாத உலகப் பொது நேரமான யுடிசி தேதிகளாக உருவாக்கிவிட்டுக் கழியுங்கள்.

ஜாவாவில் இரு தேதிகளின் இடைவெளியை ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்துத் தரும் பீரியட் பற்றியும் ஓர் எச்சரிக்கை சேருங்கள். ஜனவரி 1 முதல் மார்ச் 5 வரை அது 2 மாதம் 4 நாள் என்று தரும். அதில் நாள் பகுதியைத் தரும் கெட்டேஸ் மட்டும் எடுத்தால் கிடைப்பது 4. சாதாரண ஆண்டில் உண்மையான விடை 63. வயதுக் கணக்குக்குப் பீரியட்தான் பொருத்தம். நாட்களை 365-ஆல் வகுத்தால் 2007 மார்ச் 1-இல் பிறந்தவருக்கு 2025 பிப்ரவரி 24-லேயே 18 வயது நிறைந்துவிடும். 365.25-ஆல் வகுத்தால் பல குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாளன்றும் வயது பூஜ்யம்தான்.

மில்லிசெகண்டுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு தேர்வுக்கு எவ்வளவு நேரம் எடுத்தார் என்று அளக்க அதுதான் வேண்டும். அங்கேயும் கைபேசியின் கடிகாரத்தை நம்பக் கூடாது, பயனர் அதைக் கையால் மாற்றலாம். ஆண்ட்ராய்டில் இதற்கு, கைபேசியை இயக்கியதிலிருந்து கழிந்த நேரத்தைத் தரும் எலாப்ஸ்டு ரியல்டைம் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் பாடத்தை எடுக்கும்போது எமுலேட்டரின் (கணினியில் ஓடும் போலிக் கைபேசியின்) நேர மண்டலத்தை லண்டனுக்கு மாற்றி, 2024 மார்ச் 30, ஏப்ரல் 1 என்ற இரு தேதிகளையும் கொடுத்து, பழைய வழியில் 1 வருவதை மாணவர்களுக்குக் காட்டுங்கள். பிறகு லோக்கல்டேட்டைக் கற்றுக்கொடுங்கள். ஏற்கெனவே வெளியிட்ட பாடங்களிலும் ஒரு திருத்தக் குறிப்பைச் சேர்த்துவிடுங்கள். இன்றும் அவற்றைப் பார்த்துத்தான் பலர் எழுதுகிறார்கள்.

அன்புடன்,
செயலி எழுதும் ஒருவர்