மஹல்லா இளைஞர் மன்றம்: ஹிஜ்ரி 1446 ஆண்டறிக்கை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

கண்ணியத்திற்குரிய முத்தவல்லி அவர்களுக்கும், இமாம் ஹஜ்ரத் அவர்களுக்கும், ஜமாஅத் நிர்வாகிகளுக்கும், சிரமம் பார்க்காமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு. வராத உறுப்பினர்களுக்கும் ஸலாம். அவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

வழக்கமான பணிகள் அல்ஹம்துலில்லாஹ் குறைவின்றி நடந்தன. மீலாதை ஒட்டி மக்தப் (மார்க்கக் கல்வி வகுப்பு) பிள்ளைகளுக்கு கிராஅத் (குர்ஆன் ஓதல்), பேச்சுப் போட்டிகள் நடந்தன. ரமளானில் கஞ்சி விநியோகம் மாதம் முழுக்க நடந்தது. ஃபித்ரா (பெருநாள் தர்மம்) அரிசி தலைக்கு இரண்டரைக் கிலோ வீதம் பெருநாளைக்கு முந்தைய இரவே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. கபரஸ்தானில் (அடக்கத்தலத்தில்) முள் வெட்டப்பட்டது. குர்பானித் தோலுக்கு முன்பு போல் விலை இல்லை என்பது அனைவரும் அறிந்ததே. ஏற்றி அனுப்பிய வண்டிக்கூலி போக மிஞ்சியதை வரவில் சேர்த்திருக்கிறோம்.

இனி கேள்விப் பெட்டி விஷயம். மார்க்கம் பற்றிய சந்தேகங்களைப் பெயர் இல்லாமல் சீட்டில் எழுதிப் போடும் பெட்டி இது. அவற்றுக்குச் சனிக்கிழமை அமர்வில் விளக்கம் தேடுகிறோம். இதைப் பற்றி ஆண்டு முழுக்கப் பேச்சு இருந்ததால் கொஞ்சம் விரிவாகவே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

“இல்லாத சந்தேகத்தைப் பிள்ளைகள் தலையில் ஏற்றுகிறீர்கள்” என்று இரண்டு மூன்று பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள். அவர்கள் மீது மரியாதை உண்டு. ஆனால் பெட்டியில் விழுந்த எந்தச் சீட்டிலும் நாம் சொல்லிக்கொடுத்த கேள்வி இல்லை. எல்லாம் ரீல்ஸிலும் யூடியூபிலும் கல்லூரி விடுதியிலும் கேட்டு வந்தவை. நம் வீடுகளில் ஏழாம் வகுப்பு வந்ததும் டியூஷன் என்று சொல்லி மக்தபை நிறுத்திவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் மார்க்க அறிவு 12 வயதோடு நின்றுவிடுகிறது. அதே பிள்ளை 19 வயதில் இயற்பியலும் கணினியும் படிக்கிறது. கைபேசியில் ஒருவன் 40 விநாடியில் குர்ஆனின் ஓர் ஆயத்தை (வசனத்தை) வெட்டிக் காட்டும்போது, எதிர்கொள்ள அதனிடம் இருப்பது அந்தப் 12 வயது அறிவுதான்.

கேட்பதே குற்றம் என்ற நினைப்புக்கும் மார்க்கத்தில் ஆதாரம் இல்லை. ஸஹாபாக்களில் (நபித்தோழர்களில்) சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, வாயால் சொல்லவே அஞ்சுகிற எண்ணங்கள் எங்கள் உள்ளத்தில் வருகின்றன என்றார்கள். “அதுதான் தெளிவான ஈமான் (இறைநம்பிக்கை)” என்று பதில் வந்தது (‘ஸஹீஹ் முஸ்லிம்’ நபிமொழித் தொகுப்பு, ஈமான் பாடம்). அந்த எண்ணத்தை வெறுத்து அஞ்சுவதே ஈமான் இருப்பதற்கு அடையாளம் என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். இறந்தோரை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று இப்ராஹீம் (அலை) கேட்டது, உள்ளம் அமைதி பெறுவதற்காக என்று குர்ஆனே சொல்கிறது (2:260). இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்த ஐயத்தைத் தம் கைப்படவே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களை யாரும் மஹல்லாவை விட்டு விலக்கவில்லை.

பெட்டி எப்படி இயங்குகிறது என்று பக்கத்து மஹல்லாக்காரர்கள் விசாரித்ததால் விவரம் தருகிறேன். ஆபீஸ் அறைக்கு எதிரே வைத்தால் ஒரு சீட்டும் விழாது. யார் போடுகிறார் என்று நாலு பேர் பார்க்கிற இடம் அது. ஹவுளுக்கு (ஒளுச் செய்யும் தண்ணீர்த் தொட்டிக்கு) பின்னால் செருப்பு அலமாரியை ஒட்டி வைத்த பிறகுதான் சீட்டு வர ஆரம்பித்தது. சீட்டுகள் எல்லாம் ஒரே அளவில் வெட்டி, பேனாவோடு கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பெயர் எழுதக்கூடாது. சாவி ஹஜ்ரத்திடம் மட்டும் இருக்கும். நிர்வாகத்தில் யாரிடமும், செயலாளர் உட்பட, சாவி கிடையாது. படித்தவுடன் அதில் உள்ள கேள்வியை வேறு தாளில் எழுதிக்கொண்டு சீட்டைக் கிழித்துவிடுவார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வேலை நம்மூரில் ரொம்பச் சுலபம்.

சனிக்கிழமை இஷாவுக்குப் பின் 45 நிமிடம் அமர்வு. முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். “குர்ஆனில் வன்முறை இருக்கிறதே” என்பதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்த ஆயத் என்று கேட்டு எண்ணை வாங்க வேண்டும். பிறகு அந்த ஆயத்துக்கு முன்னால் ஐந்தும் பின்னால் பத்தும் சேர்த்துத் தமிழில் வாசிக்க வேண்டும். பாதிக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். இணைவைப்பவர்களைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள் என்ற 9:5 அடிக்கடி வெட்டி எடுக்கப்படும் ஆயத். அதற்கு முந்தைய ஆயத்திலேயே உடன்படிக்கையைக் காத்தவர்களுக்கு விலக்கு இருக்கிறது. அடுத்த ஆயத்தில் இணைவைப்பவர் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கவும் கட்டளை இருக்கிறது. 13ஆம் ஆயத்தில் அவர்களே சத்தியங்களை முறித்துப் போரை முதலில் தொடங்கியது வருகிறது. மூன்றையும் ஒரே மூச்சில் வாசித்தபோது அமர்வில் இருந்த பையன்கள் காணொளிக்காரனைத் திட்டவில்லை. “இதை ஏன் யாரும் வாசித்துக் காட்டவில்லை” என்று நம்மைத்தான் கேட்டார்கள்.

குர்ஆன் கூறும் மன்னர் துல்கர்னைன், சூரியன் சேற்று ஊற்றில் மறையக் கண்டார் என்ற 18:86ஐயும் பலர் எழுதியிருந்தார்கள். கடலோரத்தில் நிற்பவர் கண்ணுக்குச் சூரியன் கடலில் இறங்குவது போல் தெரிவதைப் போன்றது இது என்று இமாம் இப்னு கஸீரின் தஃப்ஸீரில் (குர்ஆன் விரிவுரையில்) இருக்கிறது. அவர்கள் வாழ்ந்தது ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டு. இந்த ஆட்சேபத்துக்குப் பயந்து இன்றைக்குத் தயாரித்த விளக்கம் அல்ல இது. கன்னியாகுமரியில் சூரியன் கடலில் விழுவதைப் பார்க்க நாமும் வேன் பிடித்துத்தான் போகிறோம்.

ஹதீஸ் (நபிமொழி) என்றால் நூலின் பெயரும் எண்ணும் வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஹதீஸுக்குப் பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும். ஸஹீஹ் முஸ்லிமில் இந்தக் குழப்பம் அதிகம். எண்ணோடு பாடத் தலைப்பையும் அறிவிப்பாளர் பெயரையும் குறித்துக்கொண்டால்தான் தேடும்போது கிடைக்கும். கிடைத்த பின் தரம் பார்க்க வேண்டும். ளயீஃப் (பலவீனமானது) என்று முஹத்திஸ்களே (ஹதீஸ் அறிஞர்களே) ஒதுக்கியதை எடுத்துவைத்து நம்மிடம் பதில் கேட்பவர்கள் உண்டு. ஏஐ செயலியில் கேட்டு வாங்கிவரும் ஹதீஸ் எண்ணை நூலில் பார்க்காமல் நம்பவே கூடாது. இல்லாத ஹதீஸுக்கும் அது எண் கொடுக்கும்.

தெரியாததற்கு “அல்லாஹு அஃலம் (அல்லாஹ்வே அறிவான்), அடுத்த வாரம்” என்று சொல்லிவிடுகிறோம். இமாம் மாலிக் (ரஹ்) தம்மிடம் வந்த கேள்விகளில் பலவற்றுக்குத் தெரியாது என்றே பதில் சொன்னவர்கள். வெளியூரிலிருந்து அழைத்த ஒரு பேச்சாளர் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டார். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, தமக்குத் தெரிந்த பதிலுக்கு ஏற்ற வேறு கேள்வியை எடுத்துக்கொண்டார். பிறகு “இப்படிக் கேட்பதே ஷைத்தானின் வேலை” என்றார். அடுத்த இரண்டு வாரம் பெட்டி காலி.

உறுப்பினர்கள் கோபித்துக்கொண்டாலும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஈமானை உறுதிப்படுத்துவதாக எண்ணி நம் வாட்ஸ்அப் குழுவில் வருகிற சில செய்திகள்தான் சந்தேகத்துக்குப் பெரிய வாசல். நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் பாங்கு கேட்டு முஸ்லிமானார் என்று இன்னும் அனுப்புகிறார்கள். அவர் அதை மறுத்து, அந்த மறுப்பை 1983இல் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்கே தெரிவித்தது. நிலவு பிளந்ததற்கு நாசா ஆதாரம் என்று வரும் படத்தில் இருப்பது அரியாடியஸ் என்ற 300 கிலோமீட்டர் நீளப் பள்ளம். அப்படிப்பட்ட பள்ளங்கள் நிலவில் நிறைய உண்டு. சந்திரன் பிளந்ததை நாம் நம்புவது 54ஆம் அத்தியாயத்தின் முதல் ஆயத்தையும், நேரில் கண்ட இப்னு மஸ்ஊத் (ரலி) போன்றோரின் அறிவிப்பையும் வைத்து. புகைப்படம் அதற்குத் தேவையில்லை. குர்ஆனில் ‘யவ்ம்’ (நாள்) என்ற சொல் சரியாக 365 தடவை வருகிறது என்ற கணக்கும் இந்த வகைதான். பன்மையையும் சில சேர்க்கைச் சொற்களையும் விட்டுவிட்டு எண்ணினால்தான் அந்த எண் வரும். இதை நம்பிய பிள்ளை கல்லூரியில் இது பொய் என்று கண்டுபிடிக்கும்போது, இதை மட்டும் விடுவதில்லை. அப்பா அனுப்பிய மற்றவையும் இப்படித்தானோ என்று நினைக்கிறது. “செய்தி கொண்டுவந்தால் விசாரித்துத் தெளிவு பெறுங்கள்” என்ற 49:6 நமக்கும் சேர்த்துத்தான்.

மறுப்புக் காணொளிகளைப் பொதுக் குழுவில் பகிர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் பலருக்குப் பிடிக்கவில்லை. காரணம் எளிது. மறுப்பைப் பார்க்க வேண்டுமென்றால் ஆட்சேபத்தை முதலில் கேட்க வேண்டும். அதைக் கேள்வியே படாத இருநூறு பேருக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? பதில், கேட்டவருக்கு மட்டும் போதும். அப்படிப்பட்ட காணொளியின் கீழே இரவு ஒரு மணிக்கு வாதம் செய்வதும் வேண்டாம். நம் கருத்தையும் ஆதரவாகக் கணக்கெடுத்து அந்தச் செயலி இன்னும் நாலு பேருக்குக் காட்டும், நமக்கும் அதே மாதிரி இன்னும் பத்தைத் தள்ளும். பார்த்த வரலாற்றை அழித்து, தானாக அடுத்தது ஓடுவதை நிறுத்தி, அந்தச் சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று கொடுத்துவிட வேண்டும். நான்கைந்து நாளில் திரை மாறும். கேலி நடக்கும் சபையில், பேச்சு மாறும் வரை உட்காரக்கூடாது என்ற 4:140க்கு இன்றைய வழிமுறை இதுவே.

எல்லாச் சீட்டுக்கும் விளக்கம் மருந்தாகாது. தாயார் மௌத்தான பிறகு “துஆ ஏன் ஏற்கப்படவில்லை” என்று எழுதிய சீட்டுக்கு விவாதம் தேவையில்லை, பக்கத்தில் உட்காரும் ஆள்தான் தேவை. ஒளு முறிந்ததோ, ஈமானே போய்விட்டதோ என்று ஒரே கேள்வியை வாராவாரம் எழுதுபவர்களுக்குப் பதில் சொல்லச் சொல்ல நோய் கூடும். ஓசை கேட்டாலோ வாடை உணர்ந்தாலோ ஒழியத் தொழுகையை விட வேண்டாம் என்ற ஹதீஸ்தான் அங்கே சட்டம். உறுதி, சந்தேகத்தால் நீங்காது. அதற்கும் அடங்காவிட்டால் மனநல மருத்துவரிடம் போகச் சொல்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உன் இறைவனைப் படைத்தது யார் என்று எண்ணம் வந்தால் அவூது (அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடும் வாசகம்) ஓதி அத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் நபி (ஸல்) அவர்கள். படைக்கப்பட்டதற்கே படைத்தவன் வேண்டும், படைக்கப்படாதவனிடம் அந்தக் கேள்வி செல்லாது என்று ஹஜ்ரத் விளக்கம் கொடுத்தார்கள். ஆனாலும் இரவெல்லாம் அதையே சுழற்றிக்கொண்டிருப்பவருக்கு நிறுத்துவதுதான் சிகிச்சை.

விரல் அசைப்பது, தொப்பி, கூட்டு துஆ, தராவீஹ் எட்டா இருபதா என்று நமக்குள்ளேயே சர்ச்சையாகும் நான்கும் அமர்வில் தடை. ஆரம்பத்தில் வந்த சீட்டுகளில் பாதி இவைதான். அவையெல்லாம் பெரியவர்கள் கையெழுத்து என்று ஹஜ்ரத் சிரித்தார்கள்.

கூடவே தினம் ஒரு பக்கம் குர்ஆனைத் தமிழாக்கத்தோடு வாசிக்கும் திட்டம் நடக்கிறது. மதீனா முஸ்ஹஃபில் (மதீனா அச்சுக் குர்ஆன் பிரதியில்) 604 பக்கம். தவறாமல் வாசித்தால் இருபது மாதத்தில் முடியும். பாதியில் விடுபவர்கள் பெரும்பாலும் பகரா அத்தியாயத்தின் சட்ட ஆயத்களில் விடுகிறார்கள். அவர்களை யூஸுஃப் அத்தியாயத்தில் தொடங்கச் சொன்னால் நிற்கிறார்கள். ஆடை நைந்துபோவது போல் ஈமானும் உள்ளத்தில் நைந்துபோகும், புதுப்பிக்க அல்லாஹ்விடம் கேளுங்கள் என்று ஹதீஸ் உண்டு. சுப்ஹுக்கு ஜமாஅத்தில் நிற்காதவருக்கு வெறும் விளக்கத்தால் ஈமான் நிற்காது என்று ஹஜ்ரத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பெண்கள் அமர்வை ஆலிமா ஒருவர் நடத்துகிறார். அங்கே கூட்டமும் அதிகம், கேள்வியும் கூர்மை.

இப்போது வராதவர்கள். செயற்குழுவில் 15 பேர். கூட்டம் செல்லுபடியாக (கோரம்) எட்டுப் பேர் வேண்டும். பெரும்பாலான கூட்டங்களில் ஐந்து பேரை வைத்துக்கொண்டு ஆறாமவருக்குப் போன் போட்டிருக்கிறோம். அமர்வை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்த சகோதரர்கள் அமர்வுக்கு ஒரு தடவையேனும் வந்து உட்கார்ந்திருந்தால் அந்தத் தீர்மானத்துக்கு இன்னும் கனம் இருந்திருக்கும். மாதச் சந்தா 100 ரூபாய். துபாயிலும் ரியாதிலும் இருப்பவர்கள் மாதம் பிறந்ததும் ஜீபேயில் போட்டுவிடுகிறார்கள். பள்ளிவாசலுக்கு மூன்று தெரு தள்ளி இருப்பவர்களிடம்தான் பாக்கி. பெயர்ப் பட்டியல் கைவசம் இருக்கிறது. வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை.

வரவு செலவு சுமாராகச் சரிக்குச் சரியாக இருக்கிறது. புகாரி, முஸ்லிம் தமிழாக்கத் தொகுதிகளும் தஃப்ஸீரும் வாங்கியதிலும், அவற்றுக்குப் பூட்டு வைத்த அலமாரி செய்ததிலும் செலவு சற்றுக் கூடியது. விவரமான கணக்கு பொருளாளரிடம் உள்ளது, தணிக்கை முடிந்ததும் பலகையில் ஒட்டப்படும்.

ஹஜ்ரத் அவர்களுக்கும், அமர்வு முடியும் வரை பூட்டாமல் காத்திருக்கும் மோதினார் அவர்களுக்கும், தேநீர் அனுப்பிய வீட்டாருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், பெயர் விடுபட்ட அனைவருக்கும் ஜஸாக்கல்லாஹு கைரன்.

வரும் ஆண்டில் அமர்வு தொடருமா என்று கேட்கிறார்கள். ஹஜ்ரத்துக்கு வேறு ஊரிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அவர்களுக்கு நாம் கொடுக்கும் சம்பளத்தை இந்தச் சபையில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பாக்கிச் சந்தா வசூலானாலே அதில் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். மக்தபை 12ஆம் வகுப்பு வரை நீட்டிக்க ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் போதும், இடமும் இருக்கிறது, பாடத்திட்டமும் எழுதி வைத்திருக்கிறோம். பிள்ளைகளை அனுப்ப வேண்டியது மட்டும் பாக்கி. செயலாளர் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்க விரும்பினால் மனப்பூர்வமாக ஒப்படைக்கத் தயார். ஆனால் சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு இருந்தாக வேண்டும்.

சந்தா செலுத்துவோர் அஸருக்குப் பின் பொருளாளரை அவர் கடையில் பார்க்கலாம். ஜீபே எண் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. இவ்வறிக்கையைச் சபை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வஸ்ஸலாம்.

செயலாளர்