காணும் பொங்கலன்று மெரினாவிலிருந்து மக்கள் பத்திரமாக வீடு திரும்ப ஏற்பாடு கோரி மனு

அனுப்புநர்:
திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், அயோத்தியா குப்பம், நொச்சிக்குப்பம் பகுதிவாசிகள், மெரினா மணற்பரப்புச் சிறு வியாபாரிகள், காணும் பொங்கலன்று கடற்கரையில் உதவிப் பணி செய்யும் தன்னார்வலர்கள்,
சென்னை – 600 005.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

நகல்: சென்னை பெருநகரக் காவல் ஆணையர், மேலாண்மை இயக்குநர், மாநகர் போக்குவரத்துக் கழகம், கோட்ட மேலாளர், தெற்கு ரயில்வே சென்னைக் கோட்டம்.

பொருள்: 17.01.2026 சனிக்கிழமை காணும் பொங்கல் – மெரினா கடற்கரைக் கூட்டம் கலையும் நேரத்துக்கான ஏற்பாடுகள் – வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காணும் பொங்கலன்று மெரினாவுக்கு வரும் கூட்டத்தைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சவுக்குக் கட்டைத் தடுப்பு, கண்காணிப்புக் கோபுரம், டிரோன், குழந்தைகளுக்குக் கைப்பட்டை என்று ஆண்டுதோறும் ஏற்பாடு நடக்கிறது. கடலில் இறங்கத் தடை போட்டு அதைக் கண்டிப்பாகக் காப்பதால் பல உயிர்கள் தப்புகின்றன, அதற்கு நன்றி. ஆனால் இந்த ஏற்பாடெல்லாம் கடலைப் பார்த்தே நிற்கிறது. கூட்டத்தின் முதுகுப் பக்கம், அதாவது மக்கள் வீடு திரும்பும் பக்கம், ஏறக்குறைய அவரவர் சமர்த்துக்கு விடப்பட்டிருக்கிறது. இந்த மனு அந்தப் பக்கத்தைப் பற்றியது.

கணக்கு எளிது. காலை 10 மணிக்கு வரத் தொடங்கும் கூட்டம் மாலை 4.30 வரை வந்துகொண்டே இருக்கும். ஆறரை மணி நேரம். ஜனவரி நடுவில் சென்னையில் 6 மணிக்குச் சூரியன் மறைகிறது, 6.25க்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். கட்டுச்சோறு தீர்ந்து, பிள்ளைகள் தூங்கி வழிந்து, எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்தில் பாயைச் சுருட்டும். ஆறரை மணி நேரத்தில் வந்து சேர்ந்த கூட்டம் 5.45 முதல் 7.15க்குள் வெளியேறப் பார்த்தால், நெருக்கம் வந்தபோது இருந்ததைப்போல் நான்கு மடங்குக்கு மேல். அதுவும் இருட்டில், கையில் மூட்டையோடும் தோளில் குழந்தையோடும்.

2024 அக்டோபர் 6 அன்று விமானப் படையின் சாகச நிகழ்ச்சிக்கு இதே மணலில் கூட்டம் கூடியது. அன்று உயிரிழந்த ஐவரும் கடலில் மூழ்கியவர்கள் அல்லர். நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பியபோது சாலையும் ரயில் நிலையங்களும் திணறியதை ஊரே பார்த்தது. அது அக்டோபர் வெயில், இது தை மாதக் குளிர் காற்று என்று வேறுபாடு சொல்லலாம். படிக்கட்டின் அகலம் இரண்டு நாளும் ஒன்றுதான்.

முதலில் பறக்கும் ரயில். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் மூன்றுமே மேல்மட்ட நிலையங்கள். படியேறித்தான் நடைமேடைக்குப் போக வேண்டும். ஆபத்து ரயிலில் அல்ல, அந்தப் படியில். மேலிருந்து இறங்குகிறவர்களும் கீழிருந்து ஏறுகிறவர்களும் ஒரே படியில் மோதும்போது நடுவில் நிற்பவர் எந்தப் பக்கமும் நகர முடியாது. ஆகவே மாலை 5 மணி முதல் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு படிக்கட்டை ஏறுவதற்கு மட்டும், மற்றொன்றை இறங்குவதற்கு மட்டும் என்று கயிறு கட்டிப் பிரிக்க வேண்டும். வரிசை நடைமேடையில் நிற்கக் கூடாது, தெருவில் நிற்க வேண்டும். ஒரு ரயில் கிளம்பிய பிறகே அடுத்த தொகுதியை மேலே விட வேண்டும். இதற்கு ஒரு நிலையத்துக்கு எட்டுப் பேர் போதும்: படியடியில் நால்வர், மேலே இருவர், வரிசையின் வாலில் இருவர். வாலில் ஆள் இல்லாவிட்டால் பின்னால் வருபவருக்கு முன்னால் ஏன் நிற்கிறார்கள் என்று தெரியாது. தள்ளுமுள்ளு அங்கேதான் பிறக்கிறது.

17ஆம் தேதி அரசு விடுமுறை. விடுமுறை நாள் அட்டவணைப்படி ரயில் குறைக்கப்பட்டால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. மாலை 5 முதல் இரவு 10 வரை வேலை நாள் நெரிசல் நேரத்து இடைவெளியிலேயே ரயில் விடும்படி தெற்கு ரயில்வேக்குத் தாங்கள் எழுத வேண்டும். காலையில் வந்து இறங்கும்போதே திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கும்படி ஒலிபெருக்கியில் சொன்னால் மாலையில் டிக்கெட் கவுன்ட்டர் வரிசை பாதியாகும்.

அடுத்து பேருந்து. சிறப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன. ஆனாலும் நிறுத்தத்தில் கூட்டம் கரைவதில்லை. காரணம் எண்ணிக்கை மட்டும் அல்ல. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசப் பயணம். வந்து நிற்கிற சிறப்புப் பேருந்து டீலக்ஸாக இருந்தால், நான்கு பெண்களும் ஐந்து பிள்ளைகளுமாக வந்த குடும்பம் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும். பேருந்து அரைக் காலியாகப் போகும், நிறுத்தத்தில் கூட்டம் ஏறும். அன்று மாலை கடற்கரையிலிருந்து கிளம்பும் எல்லாப் பேருந்தும் சாதாரணக் கட்டணமாக இருக்கட்டும். செலவில்லாத தீர்வு என்று சொல்ல மாட்டோம். ஆனால் கூடுதல் பேருந்துகளை விடுவதைவிட மலிவு.

இன்னொன்று: 6 மணிக்குக் கிளம்பும் வண்டி 7 மணிக்குத் திரும்பி வராது, காமராஜர் சாலையிலேயே மாட்டிக்கொள்ளும். எனவே வண்டிகளை முன்கூட்டியே நிறுத்தி வைக்க வேண்டும். திசைவாரியாக மூன்று இடம் சொல்கிறோம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, செங்குன்றம் போகிறவர்களுக்கு அண்ணா சதுக்கம் பேருந்து நிலையம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துக்கு வாலாஜா சாலை. தாம்பரம், வேளச்சேரி, திருவான்மியூருக்குப் பட்டினப்பாக்கம். இவற்றுக்கு மூன்று நிறம் கொடுத்து, மணலிலிருந்தே அந்த நிறக் கொடிகள் வழிகாட்டினால், வடக்கே போக வேண்டியவர் தெற்கே நடந்து எதிர்க்கூட்டத்தில் சிக்க மாட்டார். கலங்கரை விளக்கம் பக்கம் மெட்ரோ பணித் தடுப்புகள் இருப்பதால் தெற்கு வழி ஏற்கெனவே குறுகியது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டுகிறோம்.

மணலை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் பிற்பகல் 3 மணிக்கு மேல் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. மினி வேன்களும் குட்டியானைகளும் இரண்டு பக்கமும் நின்றுவிட்டால் 108 வண்டி சைரன் அடிக்கலாமே தவிர நகர முடியாது. கூட்டத்தை விலக்கிவிடலாம், டிரைவர் மணலில் படுத்துத் தூங்கும் வேனை யார் நகர்த்துவது?

குழந்தைகள் காணாமல் போவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கைப்பட்டை நல்ல யோசனை. அது எங்கே பிசகுகிறதென்றால், காகிதப் பட்டையில் பால் பாயிண்ட் பேனாவால் எழுதிய எண் வியர்வையிலும் ஐஸ் தண்ணீரிலும் ஒரு மணி நேரத்தில் மங்கிவிடுகிறது. அழியாத மார்க்கர் பேனா வேண்டும். எழுதியதன்மேல் ஒரு விரல் அகலச் செல்லோடேப் ஒட்ட வேண்டும். எழுதப்படுவது தாயின் எண்ணோ தந்தையின் எண்ணோ. இருவரும் அதே கூட்டத்தில்தான் நிற்கிறார்கள். லட்சக்கணக்கான போன்கள் ஒரே இடத்தில் கூடும்போது அழைப்பு போகாது; பல போன்களில் மாலைக்குள் சார்ஜும் இருக்காது. ஆகவே பட்டையில் இரண்டாவது எண்ணாக, கடற்கரைக்கு வராமல் வீட்டில் இருக்கும் ஒருவருடைய எண் கட்டாயம் எழுதப்பட வேண்டும். பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ, யாரானாலும் சரி. பிள்ளை கிடைத்த செய்தி வீட்டுக்குப் போனால், தேடித் தவிக்கும் பெற்றோரும் கடைசியில் அங்கேதான் கேட்பார்கள்.

பெற்றோர் காவலரிடம் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "குதிரைகிட்டதான் நின்னுட்டிருந்தான் சார்." மெரினாவில் எந்தக் குதிரை? பலூன் சுடும் கடையும் பஜ்ஜிக் கடையும் ராட்டினமும் அங்கங்கே ஒரே மாதிரி. அண்ணா நினைவிடம் முதல் கலங்கரை விளக்கம் வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதில் 200 மீட்டருக்கு ஒன்று என்று 14 மூங்கில் கம்பங்கள், 20 அடி உயரத்தில், ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய படம்: யானை, மயில், மீன், குடை, மணி என்று. எழுத்து வேண்டாம், நான்கு வயதுப் பிள்ளைக்கும் எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கும் மயில் தெரியும். கைப்பட்டையிலும் அதே படத்தை முத்திரையாகக் குத்திவிட்டால் பிள்ளையை எங்கே கொண்டு சேர்ப்பது என்று வழிப்போக்கருக்கும் தெரிந்துவிடும். இருட்டிய பின் தெரிய ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் ஒரு விளக்கு தேவை. ஒலிபெருக்கிகள் இப்போது அந்தந்தப் பகுதிக்குத் தனித்தனியாகப் பேசுகின்றன. மயில் கம்பத்தில் கிடைத்த பிள்ளையின் பெயர் குடைக் கம்பத்துக்குக் கேட்காது. எல்லாவற்றையும் ஒரே மைக்கில் இணைக்க வேண்டும்.

கழிப்பறை. ஒருவருக்கு 4 நிமிடம் என்றால் ஓர் இருக்கை மணிக்கு 15 பேருக்குப் பயன்படும். நூறு இருக்கை வைத்தாலும் எட்டு மணி நேரத்தில் 12,000 பேர்தான். ஒரு தடவைக்கு 3 லிட்டர் என்றால் மணிக்கு 4,500 லிட்டர் தண்ணீர் அதற்கே வேண்டும். நடமாடும் கழிப்பறைகள் 4 மணிக்கே பயன்படாமல் போவது தொட்டி நிரம்புவதால். நிரம்பியபின் கழிவு லாரி கூட்டத்துக்குள் வர முடியாது. முதல் உறிஞ்சலை 3 மணிக்கே, சாலை திறந்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பெண்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு இருக்கை ஒதுக்கி, உள்ளே கொக்கி, விளக்கு, தாழ்ப்பாள் இவை இருக்கின்றனவா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். மணல் அகலம் பல இடங்களில் 300 மீட்டருக்கு மேல். அலையோரம் உட்கார்ந்த வயதானவர் அவ்வளவு தூரம் மணலில் நடந்து சாலைக்கு வர வேண்டியிருப்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார். மயங்கி விழுவது அதனால்தான்.

குடிதண்ணீர்: ஒரு லட்சம் பேருக்கு அரை லிட்டர் வீதம் 50,000 லிட்டர். 9,000 லிட்டர் லாரி ஆறு. லாரியைச் சாலையில் நிறுத்தினால் போதாது. அங்கிருந்து குழாய் இழுத்து, கம்பத்துக்கு ஒரு சின்டெக்ஸ் தொட்டி, தொட்டிக்கு ஆறு குழாய்.

மாற்றுத் திறனாளிகளுக்கான மரப்பாதையில் அன்று எல்லோரும் ஏறி நடப்பதால் சக்கர நாற்காலிக்காரர் உள்ளே போகவே முடிவதில்லை. அதன் இரு முனையிலும் ஆள் போட வேண்டும்.

இப்போது இந்த ஆண்டுக்கே உரிய ஒரு சங்கதி. 17ஆம் தேதி காணும் பொங்கல்; மறுநாள் 18 ஞாயிறு தை அமாவாசை. இதனால் மூன்று விளைவுகள். ஒன்று, 17 மாலை நிலா வெளிச்சம் சுத்தமாக இருக்காது. மணலின் நடுப்பகுதிக்கும் விளக்குக் கோபுரம் தேவை, ஜெனரேட்டரில் இரவு 11 வரை டீசல் இருக்க வேண்டும். இரண்டு, அமாவாசையை ஒட்டி நீர் வழக்கத்தைவிட மேலேறி வரும். சவுக்குத் தடுப்பை 16ஆம் தேதி நீர் வற்றியிருக்கும்போது பார்த்து நட்டால் மறுநாள் அலை அடியை அரித்துக் கட்டை சாயும். ஈர மணல் கோட்டிலிருந்து குறைந்தது 20 மீட்டர் உள்வாங்கி, கட்டையை மூன்றடி ஆழம் நட்டுக் கட்ட வேண்டும். மெரினாவில் அலை கரையை ஒட்டியே உடைந்து, திரும்பும் நீர் காலடி மணலைப் பறித்துக்கொண்டு போகும். முழங்கால் நீரே ஆளைச் சாய்க்கப் போதும். தடுப்பில் 100 மீட்டருக்கு ஒரு திறப்பு, அதில் டியூபும் கயிறுமாகக் குப்பத்து மீனவ இளைஞர்கள் இருவர். திறப்பில்லாத தடுப்பு, காப்பாற்றப் போகிறவரையும் சேர்த்துத் தடுக்கிறது. மூன்றாவது, 18 விடியற்காலையிலேயே தர்ப்பணம் கொடுத்துக் கடலில் முழுக மக்கள் வருவார்கள். முந்தைய இரவின் கரும்புச் சக்கையும் உடைந்த பாட்டிலும் கிடக்கிற மணலில்தான் அவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டும். அன்று காலை எந்தத் திறப்புகள் வழியாக இறங்கலாம் என்று முன்பே அறிவித்து, அங்கு மட்டும் உயிர்காப்போர் நிற்கட்டும்.

குப்பையைப் பொறுத்தவரை, சக்கரத் தொட்டி மணலில் புதையும். இழுக்கிறவரின் இடுப்புதான் போகும். சாக்கு மாட்டிய இரும்புச் சட்டங்களை 30 மீட்டருக்கு ஒன்று வைத்து, டிராக்டரில் பிற்பகல் 4 மணிக்கு ஒரு நடை, இரவு 10க்குப் பிறகு மறு நடை எடுக்கலாம். இடையில் டிராக்டர் மணலில் இறங்கவே கூடாது. போகிப் புகையிலிருந்து காணும் பொங்கல் இரவு வரை தொடர்ந்து உழைக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கு அன்று கனத்த உறையுள்ள காலணி, தோல் கையுறை, சூடான இரவுச் சாப்பாடு, வீடு போய்ச்சேர வண்டி நான்கும் தரப்பட வேண்டும். அவர்களுக்கும் குடும்பம் உண்டு. அவர்களும் அன்று யாரையாவது காணப் போக வேண்டியவர்கள்தான்.

இவற்றைத் தனித்தனித் துறைகள் தனித்தனியாகச் செய்தால் மாலை 6 மணிக்கு ஒன்றோடொன்று இடிக்கும். காவல் துறை சாலையை மூடும் நேரம் பேருந்துக் கழகத்துக்குத் தெரியாது. ரயில் நின்றுபோனது மணலில் மைக் பிடித்திருப்பவருக்குத் தெரியாது. உழைப்பாளர் சிலை அருகே ஒரே கட்டுப்பாட்டு அறையில் நான்கு துறைக்கும் முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒவ்வொருவர் உட்கார வேண்டும். ரயில் நிலையத்தில் வரிசை தெருமுனையைத் தொட்டுவிட்டால், "இன்னும் அரை மணி நேரம் மணலிலேயே இருங்கள்" என்று மைக்கில் சொல்லும் அதிகாரம் அந்த அறைக்கு இருக்க வேண்டும். காரணம் சொன்னால் மக்கள் உட்கார்ந்திருப்பார்கள். சுண்டல் விற்பவருக்கும் ஒரு சுற்று வியாபாரம் ஆகும்.

துறைகளின் கூட்டு ஆய்வை ஜனவரி 4 ஞாயிற்றுக்கிழமை வைக்குமாறு வேண்டுகிறோம். வழக்கம்போல் காலை 10 மணிக்கு வேண்டாம். அப்போது மணலும் சாலையும் காலியாகத்தான் இருக்கும். மாலை 5.30க்கு அண்ணா சதுக்கத்தில் கூடி, கலையும் கூட்டத்தோடு சேப்பாக்கம் நிலையப் படிவரை நடந்து பார்க்க வேண்டும். வழி காட்ட எங்களில் பத்துப் பேர் அங்கே காத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)

இடம்: சென்னை
நாள்: 08.12.2025