ஜெபமாலை நேரமும் பார்வர்டு செய்தியும்

ஆசிரியருக்கு,

கத்தோலிக்கப் பங்கு வாட்ஸ்அப் குழுக்களில் பூசை நேரத்தோடு புரளியும் வருகிறது. போப் பிரான்சிஸ் 2018 உலகத் தகவல் தொடர்பு நாள் செய்தியைப் பொய்ச் செய்தி குறித்தே எழுதினார். பிள்ளைகளைக் கண்டிக்குமுன், வந்த செய்தியைச் சரிபார்க்கப் பெற்றோர் பழக வேண்டும். பார்வர்டு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. அதை ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்குத்தான் அனுப்ப முடியும். 2021 நவம்பர் பாலாற்று வெள்ளப் படம் 'இன்று' என்று வந்தால் தேதி பாருங்கள்.

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க வாட்ஸ்அப் சரிபார்ப்பு எண்ணை, பங்குத்தந்தை படத்தோடு கேட்டாலும் தராதீர்கள். தந்தால் வாட்ஸ்அப் கணக்கு கைமாறும். அடுத்து உங்கள் பெயரில் உறவினரிடம் கடன் கேட்பார்கள். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

சாயங்கால ஜெபமாலையின்போது போன் வேறு அறையில் இருக்கட்டும். சைலன்ட் போதாது, திரை மின்னினாலே பிள்ளையின் கண் அங்கே ஓடும்.

- ஒரு தந்தை, காட்பாடி